ஆமை நடைக்கும் ஏரிப் பராமரிப்புக்கும் நிதி திரட்டுவது எப்படி: சென்னைத் தன்னார்வக் குழுக்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்னையில் கடற்கரையில் ஒரு துண்டை எடுத்து இரவில் ஆமைக் கூடு தேடி நடக்கும் (இதைத்தான் ஆமை நடை என்கிறோம்), அல்லது பேட்டைக்குப் பக்கத்து ஏரியைப் பார்த்துக்கொள்ளும் குழுக்களுக்கு ஆள் பஞ்சம் அவ்வளவாக இல்லை. திணறல் எல்லாம் பணத்தில்தான். டார்ச் லைட், வலை, பெட்ரோல், டீச்செலவு என்று ஆளாளுக்குக் கைக்காசு போட்டு இரண்டு சீசன் ஓட்டலாம்; மூன்றாவது சீசனில் குழு கரைந்துவிடும். நிதி கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கேட்கும் காகிதங்களைத் தயார் செய்ய ஓராண்டு பிடிக்கும், ஆமையோ ஜனவரியில் கரையேறிவிடும். இந்த இரண்டு காலக்கணக்கையும் பொருத்துவதில்தான் பெரும்பாலான குழுக்கள் கோட்டைவிடுகின்றன.

1. முதலில் நாட்காட்டியைப் பின்னோக்கி எண்ணுங்கள்

பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) சென்னைக் கரையில் முட்டையிடுவது பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை. முட்டை பொரிய 45 முதல் 60 நாள். ஆகவே வேலை மே வரை இழுக்கும். எடுத்து வந்த முட்டைகளைப் புதைத்துக் காக்கும் வேலியிட்ட இடமான பொரிப்பகம் டிசம்பர் கடைசிக்குள் தயாராக இருக்க வேண்டும். அப்படியானால் பணம் நவம்பரில் வங்கியில் இருக்க வேண்டும், வனத்துறைக் கடிதம் அதற்கும் முன்னால் கையில் இருக்க வேண்டும், திட்ட வரைவு மே அல்லது ஜூனில் போயிருக்க வேண்டும். நிறுவனங்கள் ஒரு வரைவைப் படித்து, சரிபார்த்து, கமிட்டியில் வைத்து ஒப்புதல் தர மூன்று முதல் ஆறு மாதம் எடுப்பது சாதாரணம்.

ஏரி, குளம் என்றால் கணக்கு வேறு. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் பிடித்துவிடும். ஆகாயத்தாமரை அகற்றுவது, கரை பலப்படுத்துவது, நாட்டு மரக்கன்றுக்குக் குழி எடுப்பது எல்லாம் ஏப்ரலில் தொடங்கி செப்டம்பருக்குள் முடிய வேண்டும். கன்று நடுவதை மட்டும் முதல் மழைக்கு வைத்துக்கொள்ளலாம். பள்ளிக்கரணையில் வலசைப் பறவைகளைக் கணக்கெடுப்பதானால் நவம்பர் முதல் மார்ச் வரை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி (சிஎஸ்ஆர்) ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான கணக்கில் ஓடுகிறது. ஜனவரிக்கு மேல் செலவாகாத பணத்தை வைத்துக்கொண்டு தேடி வருவார்கள். "மார்ச் 31க்குள் செலவுக் கணக்கு கொடுங்கள்" என்பார்கள். ஆமைக் குழுவுக்கு ஏப்ரல், மே செலவு பாக்கி நிற்கும். அப்படி வரும் பணத்தை மறுக்க வேண்டாம். ஆனால் திட்டத்தை "தொடர் திட்டம்" என்று வகைப்படுத்தச் சொல்லுங்கள். அதற்குச் சட்டத்திலேயே இடமிருக்கிறது: தொடங்கிய ஆண்டு போக மேலும் மூன்று ஆண்டு வரை ஓடலாம். செலவாகாத தொகையை நிறுவனம் தனிக் கணக்கில் வைத்து உங்களுக்குத் தரும்.

2. இடம் யாருடையது, உயிர் எந்த அட்டவணையில் இருக்கிறது

நிதி கேட்கும் முன்பே இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். அனுமதி இல்லாத திட்டத்துக்குப் பணம் வாங்கினால் திருப்பித்தான் தர வேண்டியிருக்கும்.

கடலாமை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் இருக்கிறது. முட்டையைத் தொடுவது, இடம் மாற்றுவது, செத்த ஆமையை அறுத்துப் பார்ப்பது எதுவானாலும் வனத்துறை அனுமதியோடு மட்டும். சென்னையில் இதற்கு அணுக வேண்டியது கிண்டியில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகம். ஆய்வு நோக்கில் உடல் மாதிரி எடுப்பது, அடையாளப் பட்டை கட்டுவது போன்றவை தலைமை வன உயிரினக் காப்பாளர் வரை போகும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். முதல் ஆண்டில் அந்த வேலையை வரைவில் சேர்க்காமலிருப்பது நல்லது.

பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அங்கே வனத்துறை எல்லைக்குள் குப்பை பொறுக்கக்கூட எழுத்தில் அனுமதி வேண்டும்.

ஏரிகளில் குழப்பம் அதிகம். பெரிய ஏரிகள் நீர்வளத்துறையிடம் இருக்கும். 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ளவை பொதுவாக ஊராட்சி ஒன்றியங்களிடம் இருக்கும். நகருக்குள் இருக்கும் குளங்கள் பல மாநகராட்சியிடமும், கோயில் குளங்கள் அறநிலையத்துறையிடமும் இருக்கும். பெயர்ப்பலகையை நம்ப வேண்டாம். சர்வே எண்ணைக் கண்டுபிடித்து, வருவாய்த்துறைப் பதிவேட்டில் யார் பெயரில் எந்த வகைப் புறம்போக்காக இருக்கிறது என்று பாருங்கள். அந்தத் துறையிடம் தடையில்லாச் சான்று கேளுங்கள்.

மீன் சம்பந்தப்பட்ட திட்டமானால் இன்னும் இரண்டு கேள்விகள். அந்த ஏரியின் மீன்பிடி உரிமை ஏலத்தில் யாரிடமாவது போயிருக்கிறதா? போயிருந்தால் நீங்கள் விடும் விராலும் கெண்டையும் குத்தகைதாரர் வலைக்குத்தான் போகும். எந்த மீனை விடப்போகிறீர்கள்? "கொசுவைத் தின்னும்" என்று கம்பூசியா மீனைக் கொண்டு வந்து கொட்டுவது நாட்டு மீன் குஞ்சுகளுக்கும் தவளை முட்டைகளுக்கும் வைக்கும் வேட்டு. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்ப்பதே நாட்டில் தடை செய்யப்பட்டது. ஏரியில் ஜிலேபி மீனும் தொட்டி மீன்காரர்கள் கொட்டிய டேங்க் கிளீனர் மீனும் நிறைந்திருந்தால், நாட்டு மீன் விடும் முன் அவற்றை அரித்தெடுக்கும் செலவை பட்ஜெட்டில் போடுங்கள். மீன்வளத்துறையின் எழுத்துபூர்வக் கருத்து ஒன்று இணைத்தால் வரைவுக்குக் கனம் கூடும்.

கடற்கரைக் குழுக்களுக்கு அரசுக் காகிதத்துக்குச் சமமான இன்னொன்று: அந்தக் குப்பத்து மீனவர் பஞ்சாயத்தின் சம்மதம். அது இல்லாமல் பொரிப்பகம் ஒரு வாரம் நிற்காது.

3. பதிவு செய்யலாமா, வேண்டாமா?

முதல் ஆண்டில் அவசரப்பட்டு டிரஸ்ட் தொடங்காதீர்கள் என்பதே எங்கள் கருத்து. பதிவு செய்த அன்றிலிருந்து ஆடிட், வருமான வரித் தாக்கல், தீர்மானப் புத்தகம் எல்லாம் தொடரும். பணமே வராத ஆண்டிலும் ஆடிட்டருக்குக் கொடுக்க வேண்டும்.

மாற்று வழி, ஏற்கெனவே பதிவும் வரிச் சான்றும் உள்ள நம்பகமான அமைப்பின் கீழ் உங்கள் வேலையை ஒரு திட்டமாக நடத்துவது. ஒரு பக்க ஒப்பந்தம் போதும்: பணம் யார் கணக்கில் வரும், பில் யார் பெயரில் எடுக்க வேண்டும், நிர்வாகச் செலவாக எத்தனை சதவீதம் பிடிப்பார்கள், எத்தனை நாளில் பணம் விடுவிப்பார்கள், தரவும் படங்களும் யாருக்குச் சொந்தம். கடைசி விஷயத்தை எழுதாமல் விட்டு, பிறகு கூட்டுச் சேர்ந்தவர்களே முகம் பார்க்காமல் போன குழுக்கள் உண்டு.

தனிநபர் ஜிபே எண்ணில் நன்கொடை வாங்குவதை மட்டும் எந்தக் கட்டத்திலும் செய்யாதீர்கள். அந்தப் பணம் அவர் வருமானமாகப் பார்க்கப்படும், கேள்வி வந்தால் அவர்தான் நின்று பதில் சொல்ல வேண்டும்.

4. பதிவு செய்வதென்றால் வரிசை இதுதான்

சொசைட்டி என்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் குறைந்தது ஏழு பேர் வேண்டும். மாவட்டப் பதிவாளரிடம் பதிவு. ஆண்டுதோறும் பொதுக்குழு, நிர்வாகிகள் மாறினால் அறிவிப்பு என்று தாக்கல்கள் கூடுதல். டிரஸ்ட் என்றால் பத்திரம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு. வேலை சீக்கிரம் முடியும். கம்பெனிச் சட்டத்தின் எட்டாம் பிரிவில் பதியும் லாப நோக்கற்ற கம்பெனி பெரிய நிறுவனங்களுக்குப் பிடிக்கும், ஆனால் ஆண்டுச் செலவு அதிகம். பத்துப் பதினைந்து பேர் கொண்ட குழுவுக்கு டிரஸ்ட் போதும்.

பத்திரத்தில் நான்கு விஷயம் கட்டாயம் இருக்கட்டும். நோக்கங்களில் "வன உயிர்கள், மீன்கள், நீர்நிலைகள், கடற்கரைச் சூழல் பாதுகாப்பு" என்று வெளிப்படையாக எழுதுங்கள். "சமூக சேவை" என்று மட்டும் இருந்தால் நிதி தருபவர் திருப்பி அனுப்புவார். டிரஸ்ட் திரும்பப் பெற முடியாதது என்ற வரி, லாபத்தை அறங்காவலர்கள் பங்கிட மாட்டார்கள் என்ற வரி, கலைத்தால் சொத்து இதே நோக்கமுள்ள வேறு அமைப்புக்குப் போகும் என்ற வரி. கடைசி மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் வருமான வரிப் பதிவில் கேள்வி வரும். திருத்தப் பத்திரம் போட இன்னொரு முறை சார்பதிவாளரிடம் போக வேண்டும்.

தேவைப்படும் காகிதங்கள்: அறங்காவலர்களின் ஆதார், பான், புகைப்படம், அலுவலக முகவரிக்கு மின்கட்டண ரசீது, வாடகை இடமென்றால் உரிமையாளரின் சம்மதக் கடிதம். எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும். ஆதாரில் இனிஷியல் முன்னால், பானில் அப்பா பெயர் விரிவாகப் பின்னால் என்று இருப்பது நம் ஊரில் சகஜம். பத்திரம் எழுதும் முன்பே அதைச் சரிசெய்யாவிட்டால் ஒவ்வொரு படியிலும் அதே இடத்தில் வண்டி நிற்கும்.

அடுத்து டிரஸ்ட் பெயரில் பான் அட்டை, பிறகு வங்கிக் கணக்கு. இருவர் கூட்டாகக் கையெழுத்திடும்படி தீர்மானம் போடுங்கள். மூன்று பேரில் எந்த இருவரும் என்று வைத்தால் ஒருவர் ஊரில் இல்லாதபோது சம்பளம் நிற்காது.

அதன் பிறகு பேச்சுவழக்கில் 12ஏ (அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச் சலுகை) என்று சொல்லும் வருமான வரிப் பதிவுகள். இரண்டுக்கும் அரசுக் கட்டணம் இல்லை, ஆடிட்டர் கூலிதான். புதிய அமைப்புக்கு முதலில் கிடைப்பது மூன்றாண்டு தற்காலிகப் பதிவு. அது தானாக நிரந்தரமாகும் என்று நினைத்துத் தூங்கிவிடுவதுதான் பலர் விழும் குழி: வேலை தொடங்கிய ஆறு மாதத்துக்குள், அல்லது தற்காலிகப் பதிவு முடிய ஆறு மாதம் இருக்கும்போது, இரண்டில் எது முன்னால் வருகிறதோ அதற்குள் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும் என்பதே இருந்துவந்த விதி. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. பழைய வழிகாட்டிகளைப் பார்த்துத் தேதி குறிக்காமல், உங்கள் பதிவுக்கான கடைசித் தேதியை ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

தன்னார்வ அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் பதிவு இலவசம். அரசுத் திட்டங்களுக்கு அந்த எண் கேட்பார்கள். இடைத்தரகர் இதற்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி வாங்க சிஎஸ்ஆர்-1 படிவம் மூலம் கம்பெனி விவகார அமைச்சகத்தில் எண் பெற வேண்டும்; 2021 ஏப்ரல் முதல் இது கட்டாயம். 12ஏ, 80ஜி இரண்டும் இருக்க வேண்டும். இதே துறையில் மூன்றாண்டு செயல்பாடும் காட்ட வேண்டும். பொறுப்பாளரின் டிஜிட்டல் கையொப்பமும் ஆடிட்டர் அல்லது கம்பெனிச் செயலரின் சான்றும் தேவை. போன மாதம் பதிவான டிரஸ்டை வைத்துக்கொண்டு கம்பெனி வாசலில் நிற்பதில் பயனில்லை என்பது இதனால்தான்.

5. எந்தக் கதவை எப்போது தட்டுவது

முதல் இரண்டு ஆண்டு: பேட்டை மக்கள், அடுக்ககச் சங்கங்கள், பழைய மாணவர்கள். பணத்தை விடப் பொருளாக வாங்குவது எளிது. வலைக் கடைக்காரர் பழைய வலை தருவார், மருந்துக் கடைக்காரர் கையுறைப் பெட்டி தருவார். 80ஜி இருந்தால் நன்கொடையாளருக்கு வரிச் சலுகை உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் இல்லை. அதனால் எல்லாவற்றையும் வங்கி வழியே வாங்குங்கள்.

கூடவே உள்நாட்டுப் பாதுகாப்பு நிதிகள். தி ஹேபிடேட்ஸ் டிரஸ்ட் அதிகம் கவனிக்கப்படாத உயிரினங்களுக்கும் வாழிடங்களுக்கும் மானியம் தருகிறது. வைல்ட்லைஃப் டிரஸ்ட் ஆஃப் இந்தியா அவசர நிலைமைகளுக்குச் சிறு தொகையை விரைவாக விடுவிக்கும் திட்டம் வைத்திருக்கிறது. எண்ணெய்க் கசிவு, திடீர் மீன் இறப்பு போன்றவற்றுக்கு இந்த மாதிரி வழிதான் சரி.

மூன்றாண்டு ஆடிட் கணக்கு சேர்ந்ததும் கம்பெனிகள். நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி இவற்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்றாண்டு சராசரி லாபத்தில் இரண்டு சதவீதம் செலவிட வேண்டும். தாவரங்கள், விலங்குகள், சூழல் பாதுகாப்பு கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் நான்காவது இனமாக இருக்கிறது. வரைவின் முதல் பக்கத்திலேயே அந்த எண்ணைக் குறிப்பிடுங்கள். சென்னைக் கம்பெனிகள் தங்கள் ஆலையோ அலுவலகமோ இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை தரும். எண்ணூர்ப் பக்கம் வேலை செய்பவர்கள் ஓஎம்ஆர் மென்பொருள் கம்பெனியைத் துரத்துவதைவிடப் பள்ளிக்கரணைக் குழு துரத்துவது பலிக்கும். இன்னொன்றும் யோசியுங்கள்: கழிமுகத்தை அடைப்பதாக நீங்களே மனுக் கொடுத்த ஆலையிடம் பணம் வாங்கினால், குப்பத்தில் உங்கள் பேச்சு எடுபடாது.

6. வெளிநாட்டு மானியம்

இங்கிலாந்தின் ரஃபோர்ட் அறக்கட்டளை, ஒரு மானியத்துக்கு 25,000 டாலர் வரை தரும் அபுதாபியின் முகமது பின் ஜாயித் இனப் பாதுகாப்பு நிதியம் போன்றவை சிறு குழுக்களுக்கும் இளம் ஆய்வாளர்களுக்கும் கொடுக்கின்றன. விண்ணப்பம் எளிது, சிக்கல் பணம் உள்ளே வருவதில்.

வெளிநாட்டுப் பணம் வாங்கத் தேவையான எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவுக்கு அமைப்பு மூன்று ஆண்டு இயங்கியிருக்க வேண்டும். கடந்த மூன்று நிதியாண்டுகளில் முக்கிய வேலைகளுக்குக் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருக்க வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 10,000 ரூபாய். அந்த அளவுக்கு வளராத அமைப்பு, குறிப்பிட்ட நன்கொடையாளரின் உறுதிக் கடிதத்தோடு முன் அனுமதி கேட்கலாம், கட்டணம் 5,000. எந்த வழியானாலும் பணம் முதலில் டெல்லியில் உள்ள ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

பலரும் நினைக்கும் குறுக்கு வழி ஒன்று 2020 திருத்தத்தோடு அடைபட்டுவிட்டது. எஃப்சிஆர்ஏ உள்ள பெரிய அமைப்பு வாங்கி உங்கள் டிரஸ்டுக்கு மாற்றித் தர முடியாது. அந்த அமைப்பே திட்டத்தை நடத்தி, அவர்கள் பெயரிலேயே பில் எடுத்து, செய்த வேலைக்கு உங்களுக்கு ஊதியம் தரலாம். மானியம் கிடைத்த கடிதத்தைப் பார்த்த மகிழ்ச்சியில் சொந்த சேமிப்புக் கணக்கு எண்ணை அனுப்பிவிடாதீர்கள்.

7. வரைவில் எதை வாக்களிப்பது

விளைவை வாக்களிக்காதீர்கள், உழைப்பை வாக்களியுங்கள். "200 கூடுகளைக் காப்போம்" என்று எழுதினால், ஆமை குறைவாக வந்த ஆண்டில் நீங்கள் தோற்றவர்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. அப்படி ஒரு சீசன் எந்த வரைவிலும் இருக்காது. "ஜனவரி 1 முதல் ஏப்ரல் 15 வரை தினமும் 7 கிலோமீட்டர், இரவுக்கு நான்கு பேர், ஒவ்வொரு கூடும் ஒவ்வொரு சடலமும் இடம், நேரம், அளவோடு பதிவாகும்" என்று எழுதினால் கடல் எப்படி நடந்துகொண்டாலும் நீங்கள் சொன்னதைச் செய்திருப்பீர்கள். பொரிப்பு விகிதத்தை வாக்குறுதியாக எழுதாமல் பதிவாகும் அளவையாக எழுதுங்கள்.

"விழிப்புணர்வு ஏற்படுத்துதல்" என்ற சொல்லை வெட்டிவிடுங்கள். எத்தனை பள்ளி, எந்த வகுப்பு, எத்தனை நடை என்று போடுங்கள். மொத்தம் நான்கைந்து பக்கம் போதும். அனுமதிக் கடிதங்களும் வரைபடமும் இணைப்பில் இருக்கட்டும்.

8. பட்ஜெட்

பொரிப்பகத்துக்குக் கூடுகளிடையே ஒரு மீட்டர் இடைவெளி வைத்தால் 100 குழிக்கு நூறு சதுர மீட்டருக்கும் மேல் வேலி போட வேண்டும். சவுக்குக் கம்பு, வலை, கயிறு, கூலி, சீசன் முடிந்ததும் பிரித்து அள்ளும் கூலி. கடைசியை எல்லோரும் மறப்பார்கள். மணலில் சிமென்ட் வேலை எதுவும் வேண்டாம். கடலோர ஒழுங்குமுறை விதியில் மாட்டும்.

நடைக்கு: சிவப்பு வடிகட்டி போட்ட டார்ச், கையுறை, வாளி, டேப், மண் வெப்பமானி, மழையில் நனையாத பதிவேடு, முதலுதவிப் பெட்டி. இரவு இரண்டு மணிக்கு வீடு திரும்பும் பெண் தன்னார்வலர்களுக்கு ஆட்டோ கட்டணம் தனி வரி. இது ஆடம்பரம் என்று வெட்டச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தன்னார்வலர் விபத்துக் காப்பீடும் அப்படியே.

குப்பத்திலிருந்து இரவுக் காவலுக்கு வருபவருக்குச் சம்பளம் போடுங்கள். தன்னார்வம் என்பது வேலை முடித்து வருபவருக்குச் சரி. விடிகாலை கடலுக்குப் போக வேண்டியவரிடம் அதைக் கேட்கக் கூடாது.

பத்தாயிரம் ரூபாய்க்கு மேலான ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று கடைகளின் விலைப்புள்ளி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆடிட் கட்டணத்தையும் வரியையும் சேருங்கள். ஐந்து சதவீதம் எதிர்பாராச் செலவு என்று வைத்தால் பலர் ஏற்பார்கள்.

9. கையெழுத்துப் போடும் முன்

தவணை எப்படி? வேலை முடிந்த பிறகு பணம் என்றால் சிறு குழு தாங்காது. முதல் தவணை பாதிக்குக் குறையாமல் கேளுங்கள்.

கம்பெனி லோகோவும் விளம்பரமும் எந்த அளவு? நன்றி சொல்லிப் பெயர் போடுவது வேறு, விளம்பரக் கடமையாக ஒப்பந்தத்தில் எழுதுவது வேறு. இரண்டாவது, ஜிஎஸ்டி கேள்வியைக் கொண்டு வரும். ஆடிட்டரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

ஊழியர் வருகைக்கு எண்ணிக்கையும் விதியும் எழுதுங்கள். "எங்கள் நூறு ஊழியர்கள் சனிக்கிழமை மாலை குஞ்சு விட வேண்டும்" என்பார்கள். குஞ்சு பொரிந்ததும் கடலுக்குப் போக வேண்டும். விருந்தினர் வரும்வரை வாளியில் வைத்திருந்தால் நீந்த வேண்டிய தெம்பை அங்கேயே செலவழித்துவிடும். ஒரு முறைக்கு இத்தனை பேர், பிளாஷ் கிடையாது, குஞ்சு இல்லாவிட்டால் வெறும் நடை மட்டும் என்று பத்தியாகவே போடுங்கள்.

10. பணம் வந்த பிறகு

திட்டத்துக்குத் தனிப் பேரேடு, முடிந்தால் தனி வங்கிக் கணக்கு. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். பில் இல்லாத செலவுக்கு வவுச்சர்: பெயர், வேலை, தேதி, கையெழுத்து; 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ரெவின்யூ ஸ்டாம்ப். மணலில் எழுதிய வவுச்சர் மே மாதத்தில் படிக்க வராது; தினமும் படம் எடுத்து ஒரே இடத்தில் சேருங்கள்.

ஒரு தலைப்பில் மிஞ்சிய பணத்தை இன்னொன்றுக்குத் திருப்புவதானால் செலவு செய்யும் முன் மின்னஞ்சலில் ஒப்புதல் வாங்குங்கள். பத்து சதவீதம் வரை கேட்காமல் மாற்றலாம் என்று ஒப்பந்தத்திலேயே போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

அரசு மானியத்துக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் பொது நிதி விதிகள் 2017இன் 12-ஏ படிவத்தில் கேட்பார்கள். அது போகாவிட்டால் அடுத்த தவணை வராது. கம்பெனிகள் ஆடிட்டர் கையெழுத்திட்ட செலவு அறிக்கை கேட்கும். வன அலுவலகத்துக்குச் சீசன் அறிக்கையின் ஒரு நகலை ஜூனுக்குள் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு அனுமதி விண்ணப்பத்தில் முதல் இணைப்பாக வைக்க வேண்டியது அந்த நகல்தான்.